கேட்டால் சொல்வார்

எங்கள் வீட்டில் அவரைப் 'பாய்' என்றுதான் சொல்வோம். மயிலாப்பூர் கச்சேரி ரோடு முனையில் ஒரு வாடகைக் கார் வைத்திருந்தார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். ஆறேழு வருஷம் அவர் காரில் போய்வந்தும் அதை நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அவரை முதன்முதலாக நாங்கள் புரிந்துகொண்டது அடையாற்றில், பூட்டியிருந்த ஒரு வீட்டு வாசலில். அப்பாவின் அத்தை பிள்ளை அங்கே புதிதாகக் குடி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா ஒரு தூக்கு நிறைய முறுக்கோடு கிளம்பினாள். அப்பா விலாசத்தைச் சொல்லி, "வீடு தெரியுமா பாய்?" என்று கேட்டார். "தெரியும் சாமி" என்றார். ஆற்றைத் தாண்டி, தோப்புகளைத் தாண்டி, சரியாக அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கதவில் கையகலப் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்ததில், அவர்கள் குடும்பத்தோடு திருப்பதி போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"அடடா, வீணா வந்தோமே பாய்" என்றார் அப்பா.

"ஆமா சாமி. காலீல நான்தான் டேசன்ல வுட்டுட்டு வந்தேன்."

அம்மாவுக்கு வந்த கோபத்தில் முறுக்குத் தூக்கைக் கீழே வைத்துவிட்டாள். "தெரிஞ்சுண்டே எங்களை ஏத்திண்டு வந்தேளா?"

"ஊடு தெரியுமான்னு கேட்டாரும்மா. ஊட்ல ஆளு கீறாங்களான்னு கேக்கலியே."

இதைக் குறும்பாகச் சொல்லவில்லை. குறும்பாக இருந்திருந்தால் அம்மா அன்றோடு அவரை நிறுத்தியிருப்பாள். வருத்தமாகவும் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொல்கிற குரலில் சொன்னார். அன்றைக்கு வாடகையை வாங்க மாட்டேன் என்று மறுத்ததும் அவர்தான். அந்த முறுக்கில் பாதி அவர் வீட்டுக்குப் போயிற்று.

ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். நரைத்த தாடி. காக்கிக் கோட்டின் மேல்பித்தான் எப்போதும் போட்டிருக்கும். யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபின் எல்லோரையும் போல அவரும் காரைக் கரி கேஸுக்கு மாற்றினார். வண்டியின் பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் அடுப்புக் கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, பக்கத்தில் இருக்கும் துருத்திச் சக்கரத்தைக் கையால் கால் மணி சுற்றினால் புகை வரும். அந்தப் புகையில் வண்டி ஓடும். ஏற்றம் வந்தால் முனகும். ஆடு மாடு குறுக்கே வந்து வண்டி நின்றுவிட்டால் மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். வெள்ளை வேட்டியோடு ஏறினவர்கள் சாம்பல் வேட்டியோடு இறங்குவார்கள். பாயின் நகக் கண்ணிலும் தாடியிலும் கரி அப்பியிருக்கும். அவர் அதைப் பற்றியும் எதுவும் சொன்னதில்லை.

மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் பாதிப் பேர் ரகசியக் காரியத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்க, வைத்தியரைப் பார்க்க, வக்கீலைப் பார்க்க, பாகப்பிரிவினைக்குப் பேச. காருக்குள் எத்தனை அழுகையும் சண்டையும் நடந்தாலும் முன் சீட்டிலிருந்து ஒரு திரும்பல் இருக்காது. ஊர் வாயில் அவர் எதையும் போட்டதில்லை. அதே சமயம் யாராவது நேராக ஒன்றைக் கேட்டுவிட்டால் மறைக்கவும் மாட்டார். இந்த இரண்டாவது குணம் பலருக்குத் தெரியாது, ஏனென்றால் கார் ஓட்டுகிறவரிடம் போய் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

என் அம்மா கேட்டாள். எனக்குப் பத்தொன்பது வயதில் தியாகராய நகரிலிருந்து ஒரு வரன் வந்தது. ரங்கூனிலிருந்து யுத்தத்தில் தப்பி வந்த பையன், நல்ல உத்தியோகம். அந்த வீட்டுக்கும் பாய்தான் கார் ஓட்டினார் என்று தெரிந்ததும் அம்மா அவரை வாசலில் நிறுத்தி விசாரணையை ஆரம்பித்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பையன் எப்படி பாய்?"

"நல்ல உசரம்மா."

"உசரம் கிடக்கட்டும். குணம்?"

"எங்கிட்ட மரியாதியாப் பேசுவாரு."

"குடி, கிடி?"

"இல்லம்மா."

"சீட்டாட்டம்?"

"ஆட மாட்டாரு."

"அம்மாக்காரி எப்படி? கடுகடுன்னு இருப்பாளோ?"

"அவுங்க நல்லா சிரிப்பாங்கம்மா."

அம்மா திருப்தியோடு உள்ளே வந்து ஜாதகத்தை எடுத்தாள். தாம்பூலம் மாற்ற நாள் பார்த்த சமயத்தில், அந்தப் பையனுக்கு ரங்கூனில் ஒரு மனைவியும் குழந்தையும் உண்டு என்று வேறு வழியாகச் செய்தி வந்தது. அம்மா நேராகக் கார் நிற்கும் இடத்துக்கே போய்விட்டாள். மடிசாரோடு கச்சேரி ரோடு முனையில் நின்று அவள் ஒருவரைக் கேள்வி கேட்டது அதுவே முதலும் கடைசியும்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. துறைமுகத்துலேர்ந்து அவரை இட்டாந்தப்போ அவரே அயுதுகினே சொன்னாரு."

"என் பொண்ணு பாய்! ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்மா" என்றார். "ஒருத்தர் அயுது சொன்னதை நானா எப்டி எடுத்துகினு வந்து இன்னொருத்தர் ஊட்ல போட்றது?"

அம்மா திரும்பி வந்து, "அவர் சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்கு, அதான் எரிச்சலா வரது" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவரை வெறுக்கவும் முடியவில்லை, நம்பி உட்காரவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அம்மா அவரிடம் பேசுவதென்றால் வக்கீல் மாதிரி யோசித்து யோசித்துப் பேசுவாள். அப்படியும் ஏதாவது ஒரு கேள்வி விட்டுப்போகும்.

அப்பாவுக்கு மட்டும் அவரிடம் சிரமமே இருந்ததில்லை. அப்பா கோட்டையில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. இருபத்தெட்டு வருஷம் காட்டு இலாகாக் காகிதங்கள்தான் அவர் மேஜைக்கு வந்தன. எந்தக் காட்டில் எத்தனை யானை பிடித்தார்கள், எது கொம்பன், எது குழியில் விழுந்து செத்தது எல்லாம் அவருக்குத் தெரியும். யானை என்ற சொல்லைத் தன்னைவிட அதிகம் எழுதியவன் இந்த ராஜதானியில் கிடையாது என்று பெருமையடிப்பார். காட்டைத்தான் பார்த்ததில்லை. கிண்டியில் கவர்னர் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று மான் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் அவர் பார்த்த காடு.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அப்பாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருப்பது தெரியவந்தது. சாந்தோமில் ஒருநாள் நட்டநடு வெயிலில் எதிரே வந்த ரிக்‌ஷாவில் மோதிக்கொண்டார். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் கதவு சாத்திக்கொண்டு வருகிறது என்றார். நடுவில் ஒரு சந்து இருக்கிறது, அதுவும் ஒரு வருஷத்தில் மூடிவிடும் என்றார். இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தி வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு, "ஒரு யானையைப் பாத்துடணும்" என்றார்.

"கோவில்ல கட்டியிருக்கே, அதைப் போய்ப் பாருங்கோளேன்" என்றாள் அம்மா. காசிக்குக் கூப்பிடுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

"அது என்னை மாதிரி உத்தியோகத்துல இருக்கற யானை. உத்தியோகம் இல்லாத யானையா ஒண்ணு பாக்கணும்."

ஆபீஸில் கேட்டு முதுமலைக் காட்டு பங்களாவில் மூன்று நாள் தங்க அனுமதிக் கடிதம் வாங்கினார். ரயிலில் கூட்டம் தாங்காது, அந்தக் கூட்டத்தில் அப்பாவை ஏற்றி இறக்க முடியாது என்று பாயின் காரையே பேசினோம். அப்பா, அம்மா, நான். பெங்களூரில் ஒரு ராத்திரி, மைசூரில் சித்தப்பா வீட்டில் ஒரு ராத்திரி. மைசூரில் பாய் இரண்டு மூட்டைக் கரி வாங்கிப் போட்டுக்கொண்டார். காட்டுக்குப் போக ஒரு மூட்டை, திரும்ப ஒரு மூட்டை.

பங்களா ஒரு மேட்டின் மேல் இருந்தது. எதிரே பள்ளத்தாக்கும் அதற்கப்பால் நீல மலையும். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா நேரே சமையலறையைப் பார்க்கப் போனாள். அங்கே முந்தைய துரைமார்கள் மாமிசம் சமைத்த வாசனை இருந்ததால் வாசற்படியிலேயே திரும்பிவிட்டாள். விறகோ மழையில் நனைந்து கிடந்தது. அதனால் என்ன, கும்மட்டி அடுப்பைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். வராந்தா மூலையை மெழுகிக் கோலம் போட்டு அடுப்பை வைத்தாள். மயிலாப்பூரிலிருந்து கொண்டுவந்த கரி முதல் நாள் ராத்திரியே தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை டிக்கியிலிருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"பாய், இது நல்ல கரியா?"

"ஒசந்த கரிம்மா."

அவ்வளவுதான். மூன்று நாளும் காப்பி, சாம்பார், ரசம், அப்பாவுக்கு வெந்நீர் எல்லாம் அந்த மூட்டையில்தான் நடந்தன. குளிருக்கு அடுப்பு அணையாமலே எரிந்தது. பாய் பங்களாவுக்குப் பின்னால் தன் ரொட்டியைத் தின்றுகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அம்மா கொடுத்த காப்பியையும் குடித்தார்.

யானை வரவில்லை. காட்டிலாகா வாட்சர் ஒருவர் தினம் இரண்டு வேளை எங்களை அழைத்துக்கொண்டு போனார். காலடி காட்டினார், லத்தி காட்டினார், பட்டை உரித்த மரம் காட்டினார். அப்பா குனிந்து லத்தியை விரலால் தொட்டுப் பார்த்து, "இது நேத்திக்குப் போட்டது" என்று காகித ஞானத்தைச் சொன்னார். மான்கள் நிறைய வந்தன. "இதுக்குக் கிண்டியே போதுமே" என்று சிரித்தார். மூன்றாம் நாள் அவர் சிரிக்கவில்லை. சாப்பிடும்போது குழம்புக் கிண்ணத்தைக் கையால் தேடிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் சாப்பாடு முடித்துக் கிளம்பினோம். வாட்சரும் பெரிய சாலை வரை வருகிறேன் என்று முன்னால் ஏறிக்கொண்டார். நாலு மைல் போனதும் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

"என்ன பாய்?" என்றார் அப்பா.

"கரி தீந்துட்சு சாமி."

"ஒரு மூட்டை பாக்கி இருந்ததே?"

"அது அடுப்புல எரிஞ்சுபோச்சு சாமி."

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. "நான் கேட்டேனே! நல்ல கரியான்னு கேட்டேனே!" என்று மட்டும் காதில் விழுந்தது. வாட்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரம் வெட்டுகிறவர்கள் முகாமில் லாரிக்குக் கரி இருக்கும், வாங்கி வருகிறேன் என்று நடந்து போனார். நாங்கள் இறங்கி நின்றோம். மதியம் மூன்று மணி இருக்கும். அப்போதுதான் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. சாலைக்குக் கீழே ஓர் ஓடை. ஓடைக்கு அக்கரையில் புல் சரிவும் மூங்கில் புதர்களும்.

பாய் தன் பக்கத்துக் கதவில் சாய்ந்து நின்றார். அப்பா சாலை ஓரத்தில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிச் சந்து வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி போயிருக்கும். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"குழந்தே! அதோ!"

அவர் காட்டிய திசையில் பார்த்தேன். சரிவில் மழையில் நனைந்து கருத்த ஒரு பாறை. அதைச் சுற்றிப் புல் அசைந்துகொண்டிருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பாறையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்ப்பா" என்றேன்.

"எத்தனை பெரிசு!" என்றாள் அம்மா.

"கொம்பன்தான். ஒம்பதடி இருக்கும். அசையாம நிக்கறது பாத்தியா? நம்ம வாசனை பிடிக்கறது."

"தும்பிக்கையைத் தூக்கறதுப்பா" என்றேன். சொன்னதும் வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அப்பாவின் முகம் அப்போது இருந்த விதத்தில் நான் அதற்கு இரண்டு கொம்புகூட வரைந்து கொடுத்திருப்பேன்.

அப்பாவுக்கு ஆபீஸ் பழக்கம், ஒரு காகிதத்தை மூன்று பேர் பார்த்தால்தான் நிம்மதி. "பாய்! நான் பாக்கறது யானைதானே?" என்று கேட்டார்.

அம்மா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பாயைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். அம்மா எந்த மனிதரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. பாயும் அந்தக் கைகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இல்ல சாமி. அது பாறை" என்றார்.

அந்த நிமிஷம் அந்த மனிதரை நான் வெறுத்தேன். அப்பாவின் கை என் கையை விட்டது. அப்பா எங்கள் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் இருவரும் பொய் சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, ஏன் சொன்னோம் என்பதும் தெரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு காகிதத்தை முடித்துக் கட்டுகிறவரின் குரலில், "அப்போ யானை எங்கதான் இருக்கு பாய்?" என்றார்.

"சோத்தாங்கைப் பக்கம் சாமி. மூங்கிலாண்ட. நாலு கீது. ஒண்ணு குட்டி."

நாங்கள் திரும்பினோம். ஓடைக்கு அக்கரையில் மூங்கில் நிழலில் நிழலாக நின்றுகொண்டிருந்தன. பார்க்கத் தெரிந்தபின் எப்படித் தெரியாமல் இருந்தது என்றே புரியவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க? எனக்குத் தெரியலையே, எங்க?" அப்பா தலையை வேகமாகத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் தவறவிட்டார். நான் சொன்ன வழியும் அம்மா சொன்ன வழியும் அவரைக் குழப்பின. பாய் வந்தார். கரி படிந்த உள்ளங்கைகளை அப்பாவின் இரண்டு கன்னத்திலும் வைத்து, காரின் விளக்கைச் சரிப்படுத்துவது போல மெதுவாகத் திருப்பி, கொஞ்சம் தாழ்த்தி, நிறுத்தினார். வேறு நாளாக இருந்தால் அம்மா தலைக்கு ஜலம் விட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பாள்.

"காதை ஆட்டறது" என்றார் அப்பா. "குட்டி அதோட வயத்துக்குக் கீழ நிக்கறது." அவ்வளவுதான் சொன்னார். அவை மூங்கிலுக்குள் போகும்வரை பாயின் கைகள் அவர் முகத்தோடு நகர்ந்துகொண்டே இருந்தன. கன்னங்களில் கரி வழிந்திருந்தது. அதை அம்மா மைசூர் வரை துடைக்கவில்லை.

அடுத்த வருஷம் டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. அப்பா அதன்பின் பதினோரு வருஷம் இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த நாலு யானைகளைப் பற்றிச் சொல்வார். பாறையைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. பாய் பெட்ரோல் தாராளமானதும் உருளையைக் கழற்றிவிட்டுச் சில காலம் ஓட்டினார், பிறகு மகனிடம் வேலூருக்குப் போய்விட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலம் நடந்தது. வாட்சர் கரி கொண்டுவந்து போட்டார். அப்பாவும் அம்மாவும் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பாய் பின்னால் துருத்தியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எத்தனை நேரமா பாத்துண்டிருந்தேள் அந்த யானைகளை?"

"வண்டி நின்னதுலேர்ந்து பாப்பா."

அவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டிருந்தது. அதனால் இன்னொன்றும் கேட்டேன். "அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலைன்னு உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"மூணு வருசமா."

துருத்திச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஏர்றப்ப படி தெரியாம காலால தடவுவாரு. பக்கத்துல கீற ஆளைப் பாக்காம எதிர்ல பாத்துப் பேசுவாரு. அப்போலேர்ந்து நான் அவருக்கு நேரா வந்துதான் நிப்பேன்."

மூன்று வருஷம். டாக்டர் சொன்னது இரண்டு. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவர் சக்கரத்தை நிறுத்தி நிமிர்ந்தார். என் முகத்தை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல, அவர் என்னிடம் ஒன்று கேட்டார்.

"ஏன் பாப்பா, ஊட்ல ஒர்த்தருக்குமா தெரில?"

நான் காருக்குள் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.